மில்டன் அப்பாஸ்: 36 வீடும் ஒரே அச்சில் இருப்பது ஏன்? (சிற்றூர், மாளிகை, மண்சுவர், கூரை)

#1 ஏட்டுச்சுரை

இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் பிளான்ட்ஃபோர்ட் ஃபோரம் ஊருக்குத் தென்மேற்கே மில்டன் அப்பாஸ் என்றொரு சிற்றூர். படங்களில் பார்த்திருப்பீர்கள். சரிவில் இறங்கும் ஒரே தெரு, இரு பக்கமும் புல்வெளி, அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவரும் கோதுமைத் தாள் வேய்ந்த கூரையுமாக ஒரே மாதிரி வீடுகள். இடைவெளிகூடக் கயிறு பிடித்து அளந்தது போல இருக்கிறது. தெரு முடியும் இடத்தில் ஏரி, அதைத் தாண்டி அரை மைலில் மாளிகை, மாளிகையை உரசிக்கொண்டு ஒரு பேராலயம்.

தானாக வளர்ந்த ஊர் இப்படி இருக்காது. என் கேள்விகள் நான்கு. யார் கட்டியது, ஏன்? சுவர் மண்ணாமே, அந்த மழையில் 240 வருடம் எப்படி நிற்கிறது? கூரையை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், எப்படி? கடைசியாக, ஊர் ஏன் பெருகவே இல்லை?

சுற்றுலாப் பக்கங்களில் இருக்கும் "கனவு கிராமம்" வர்ணனை வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழங்கல்

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஊர் இந்த இடத்தில் இல்லை. மிடில்டன் என்ற பெயரில், இன்று மாளிகையின் புல்வெளி இருக்கும் இடத்தில் இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் ஆதல்ஸ்டன் மன்னர் நிறுவிய மடத்தை ஒட்டி வளர்ந்த சந்தை ஊர். நூற்றுக்கு மேல் வீடுகள், கடைகள், சத்திரங்கள், இலக்கணப் பள்ளி, பீர் வடிக்கும் ஆலை எல்லாம் இருந்தன. 1309-ல் மின்னல் விழுந்து மடாலயக் கோயில், அதாவது நீங்கள் சொன்ன பேராலயம், எரிந்தது. திரும்பக் கட்டியவர்கள் கிழக்குப் பகுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். மேற்கே நீள வேண்டிய நடுக்கூடம் எழும்பவே இல்லை. அந்தக் கோயில் உயரத்துக்கேற்ற நீளம் இல்லாமல் குட்டையாகத் தெரிவது அதனால்தான். 1539-ல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டே சர் ஜான் ட்ரெகன்வெல் 1,000 பவுண்டுக்கு வாங்கினார்.

1752-ல் இடம் ஜோசப் டேமர் கைக்கு வந்தது. இவர்தான் பிறகு மில்டன் பிரபு, 1792-ல் டோர்செஸ்டர் ஏர்ல். நிலத்தைத் திருத்த லான்ஸ்லாட் 'கேபபிலிட்டி' பிரவுன், வீட்டுக்கு வில்லியம் சேம்பர்ஸ், பிறகு உள்வேலைக்கு ஜேம்ஸ் வயட் என்று அந்தக் காலத்துப் பெரிய கைகள் எல்லாம் வந்தன. வெளிப்புறம் பேராலயத்துக்கு இசைவாகக் கூர்வளைவு பாணி, உள்ளே செவ்வியல் பாணி. 1498-ல் கட்டிய மடாதிபதி கூடத்தை மட்டும் இடிக்காமல் வீட்டுக்குள் இணைத்துக்கொண்டார்கள்.

வீடு ஆயிற்று. சன்னலைத் திறந்தால் சந்தை ஊர். பிரபுவுக்கு அது பொறுக்கவில்லை. 1773-ல் பிரவுனிடம் புது ஊருக்கு வரைபடம் வாங்கினார். மாளிகையிலிருந்து கண்ணுக்கே படாத ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் 1780-ஐ ஒட்டித் தெரு எழுந்தது. 1674-ல் கட்டிய முதியோர் தரும வீடுகளை 1779-ல் பிரித்துக் கொண்டுவந்து தெருவின் நடுவில் திரும்ப நிறுத்தினார்கள். எதிரே புனித ஜேம்ஸ் கோயில், 1786. இலக்கணப் பள்ளியை 1785-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு பிளான்ட்ஃபோர்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பழைய ஊருக்கு அடையாளமாகப் புல்வெளியில் சந்தைச் சிலுவையின் அடிக்கல் மிச்சம்.

ஒரே அச்சு ஏன் என்றால், வாங்கியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், ஒரே காலம், ஒரே கணக்குப் புத்தகம். ஒவ்வொரு வீடும் இரட்டைக் குடித்தனம். நடுவில் ஒரே வாசல், உள்ளே சிறு நடை, இடப்பக்கம் ஒரு குடும்பம், வலப்பக்கம் ஒரு குடும்பம். 36 வீடு என்றால் 72 குடும்பம். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்த ஊருக்கு இதுதான் மாற்று. மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதை வரைபடம் சொல்லாது.

#3 செம்மண்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுவர் மண்தான். அங்கே 'காப்' என்பார்கள். சுடாத, அச்சில் அறுக்காத மண். நம் ஊர் மண்சுவர் போலப் படை படையாக வைப்பது.

மேல்மண் ஆகாது, இலைமக்கு இருக்கும், அழுகும். அதற்குக் கீழே இருக்கும் மண்ணை எடுப்பார்கள். களி மட்டுமே இருந்தால் காயும்போது வெடிக்கும், மணலும் சரளையும் மட்டுமே இருந்தால் பிடிக்காது. அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை நிலம் என்பதால் நொறுக்கிய சாக்குக்கல்லும் கலவையில் சேரும். ஒரு கன மீட்டர் மண்ணுக்கு ஏறக்குறைய 25 கிலோ கோதுமைத் தாள். தண்ணீர் விட்டு மாட்டையோ ஆளையோ விட்டு மிதிக்க வைப்பார்கள். தாளின் வேலை பலம் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை, சுருக்கத்தைப் பரப்பிவிடுவது. தாள் இல்லாத சுவரில் ஒரு பெரிய வெடிப்பு விழும். தாள் இருந்தால் அதுவே நூறு மயிரிழைகளாகப் பிரிந்துவிடும்.

முதலில் கருங்கல், சிக்கிமுக்கிக் கல் அல்லது செங்கலால் ஒன்றரை முதல் இரண்டடிக்குக் கடைக்கால். அதன் மேல் இரண்டடித் தடிமனில், இரண்டடி உயரத்துக்கு ஒரு படை. முள்கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே நின்று மிதித்து, பக்கங்களைக் கூரிய மண்வெட்டியால் சீவுவார்கள். நல்ல வெயில் இருந்தால் இரண்டு மூன்று வாரம் காயவிட்டு அடுத்த படை. அவசரப்பட்டால் கீழ்ப்படை வயிறு தள்ளும். அதனால் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்துக்குள் முடிக்க வேண்டும், உறைபனி பட்டால் ஈரச்சுவர் உதிரும். மூலைகளை உருட்டி விடுவதும் அழகுக்காக அல்ல. கூர்மூலையில்தான் வெடிப்பு தொடங்கும்.

மழையில் எப்படி நிற்கிறது? டெவன், டோர்செட் பக்கம் பழைய சொல் ஒன்று உண்டு: மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் போதும். தொப்பி கூரையின் இறவானம், செருப்பு கடைக்கால். தாள் கூரைக்குத் தண்ணீர்க்குழாய் வைப்பதில்லை; இறவானம் ஒன்றரை அடி வெளியே நீட்டி நின்று நீரைச் சுவரிலிருந்து தள்ளிவிடுகிறது. தரையில் தெறிக்கும் நீரைக் கடைக்கால் வாங்கிக்கொள்ளும்.

#4 ஏட்டுச்சுரை

நன்றி செம்மண். அப்படியானால் இவ்வளவு வருடத்தில் விழுந்த மண்வீடுகள் ஏன் விழுந்தன? சிமென்ட் பூசினால் பாதுகாப்பு கூடாதா?

#5 செம்மண்

பூசியதால்தான் பல விழுந்தன.

மண்சுவரில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், அது இரு பக்கமும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சிமென்ட் பூச்சு விறைப்பானது. சுவர் கோடையில் சுருங்கி மழையில் விரியும்போது பூச்சில் மயிரிழை விழும். அதன் வழியே மழை உள்ளே போகும், வெளியே வர வழி இல்லை. நீர் கீழே இறங்கிக் கடைக்காலுக்கு மேலே முதல் படையில் தேங்கும். தாள் மக்கும், எலி வளை தோண்டும், மண் மறுபடி சேறாகும். வெளியிலிருந்து பார்த்தால் பூச்சு பளிச்சென்று நிற்கும். ஒரு மழைக்காலத்தில் சுவரின் அடி ஒரே நாளில் சரிந்து உட்காரும். அதற்கு முன்னால் எச்சரிக்கை என்றால் பூச்சைத் தட்டினால் கேட்கும் பொள்ளல் ஒலி, அடியில் லேசான புடைப்பு, அவ்வளவே.

அடுத்த காரணம் தரைமட்டம். இருநூறு வருடத்தில் தோட்ட மண்ணும் சாலையும் ஏறிக்கொண்டே வந்து கடைக்காலை முழுங்கிவிடும். மில்டன் அப்பாஸ் போன்ற பள்ளத்தாக்குத் தெருவில் வீட்டுக்குப் பின்னாலேயே மலைச்சரிவு. பின்சுவரில்தான் முதலில் பார்க்க வேண்டும். வடிகால் வெட்டலாம், ஆனால் கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது, சுவரை ஒட்டியும் வெட்டக்கூடாது. அந்தப் பழைய சுவர்களுக்குக் கீழே நாம் நினைக்கும் அஸ்திவாரம் பெரும்பாலும் கிடையாது.

சிமென்ட்டை உரிக்க வேண்டுமானால் கோடைத் தொடக்கத்தில், சிறு சிறு பகுதியாக, கையுளியால். மின் சுத்தியல் வைத்தால் பூச்சோடு சுவரும் வரும். உரித்ததும் ஹீட்டர் வைத்து ஒரே மூச்சில் உலர்த்த நினைக்காதீர்கள், வெடிக்கும். போன இடத்துக்குக் காய்ந்த மண்கட்டியைக் களிமண் சாந்தில் வைத்து அடைக்க வேண்டும். கான்கிரீட் வைத்தால் மண் ஒருபுறமும் கான்கிரீட் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும்.

மேலே சுண்ணாம்புச் சாந்து. முதல் பூச்சில் ஆட்டுமயிர் சேர்த்து, மொத்தம் 15 முதல் 20 மி.மீ. பிறகு வெள்ளையடிப்பு. பால் பதத்தில், நான்கைந்து கை. ஒவ்வொரு கைக்கும் முன்னால் சுவரை நனைத்து, குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு. கெட்டியாக ஒரே கை அடித்தால் மாவாக உதிரும். 5 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்கும் நாட்களில் தொடவே கூடாது. மழை அடிக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் மாட்டுக்கொழுப்பு கலப்பதுண்டு. இன்று படத்தில் பார்க்கும் வெள்ளை பிற்காலத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் இந்த வீடுகளுக்கு மஞ்சள்.

#6 கூரைக்காரன்

கூரைக்கு வருவோம். மூன்று பொருள்கள். நீர்நாணல், நீளத்தாள், சீவிய கோதுமைத் தாள். டோர்செட்டுக்கும் டெவனுக்கும் உரியது மூன்றாவது. நீளத்தாளில் கதிரும் அடியும் கலந்து கிடக்கும். சீவிய தாளில் எல்லா அடியும் ஒரே பக்கம், அடிமுனை மட்டும் வெளியே தெரியும். அதனால்தான் கூரை வெட்டிய துணி போல வழவழப்பாக இருக்கிறது.

எல்லாக் கோதுமையும் ஆகாது. இன்றைய கோதுமை குட்டை. மாரிஸ் விட்ஜன், மாரிஸ் ஹன்ட்ஸ்மன் போன்ற உயர ரகங்களைக் கூரைக்கென்றே பயிரிடுகிறார்கள். தழைச்சத்து அதிகம் போட்டால் தண்டு கொழுத்து மென்மையாகும், கூரையில் சீக்கிரம் மக்கும். கொஞ்சம் பச்சை இருக்கும்போதே கட்டு கட்டும் பழைய இயந்திரத்தால் அறுத்து, வயலில் குத்திட்டு நிறுத்திக் காயவைத்து, கதிரடிக்கும் இயந்திரத்தின் மேல் பொருத்திய சீப்பில் செலுத்துவார்கள். கம்பைன் அறுவடை இயந்திரம் தண்டை நசுக்கிவிடும், அந்தத் தாள் கூரைக்கு உதவாது.

வேய்வது இப்படி. முழுக் கூரையையும் உரிப்பதில்லை. மக்கிய மேற்பகுதியை மட்டும் உறுதியான அடித்தாள் வரும்வரை வழித்து எடுக்கிறார்கள். இறவானத்தில் இறுக்கிக் கட்டிய முடிச்சுகளை வைத்துத் தொடங்கி, வரிசை வரிசையாக முகட்டை நோக்கி ஏற வேண்டும். ஒவ்வொரு வரிசையின் மேலும் ஒரு குறுக்குக் கோல், அதை அடித்தாளோடு பிடித்து வைப்பது ஹேசல் குச்சி. ஹேசல் மரத்தை ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டி மறுதாம்பு விடுவார்கள். அந்தக் குச்சியைப் பிளந்து, நடுவில் முறுக்கிக் கொண்டை ஊசி போல மடித்துக் குத்துவது. முறுக்காமல் மடித்தால் ஒடியும். குத்தும் கோணம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்; உட்பக்கம் சரிந்தால் ஒவ்வொரு குச்சியும் மழைநீரைக் கூரைக்குள் இறக்கும் குழாய். புதுக்கூரை ஒழுகினால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பிறகு தட்டுப்பலகையால் அடிமுனைகளை மேல்நோக்கித் தட்டி இறுக்குவது. புதுப்பூச்சின் கனம் ஓரடி.

சரிவு 45 முதல் 50 பாகை. அதற்குக் குறைந்தால் நீர் ஓடாது, ஊறும். நல்ல சரிவில் நீர் மேல் ஓரங்குலத்தைத் தாண்டுவதே இல்லை.

ஆயுள்: சீவிய தாள் 25 முதல் 35 வருடம், நீளத்தாள் 15 முதல் 25, நாணல் 40-க்கு மேலும் போகும். ஆனால் முகடு எதிலும் 10 முதல் 15 வருடம்தான். ஆகவே ஒரு கூரைக்காலத்துக்குள் முகட்டை ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். விட்டால் நீர் முகட்டு வழியே இறங்கி நல்ல கூரையையும் கெடுக்கும்.

இன்னொன்று, மரநிழல். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நடுவில் குதிரைச் செஸ்ட்நட் மரம் நட்டிருந்தார்கள். ஓவியத்துக்கு அழகு, கூரைக்குச் சனி. நிழலில் கூரை காயாது, இலை விழுந்து மக்கும், பாசி பிடிக்கும். அந்த மரங்கள் இப்போது இல்லை. கூரை சார்பாக எனக்கு வருத்தமும் இல்லை.

#7 மதகடி

பழங்கல் முக்கியமான ஆளை விட்டுவிட்டார். வழக்கறிஞர் ஹாரிசன். பழைய ஊரில் குத்தகையை விட்டுக்கொடுக்க மறுத்தார். பிரபு மடத்துக் குளத்தின் மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டை வெள்ளத்தில் மூழ்கடித்தார். ஹாரிசன் வழக்குப் போட்டு வென்றார். டேமர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கட்டிடக் கலைஞர் சேம்பர்ஸே அவருடைய திமிரைப் பற்றிக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கை ஏரி போலத் தெரிவது பிரவுனின் கைவேலை. ஓடையைக் குறுக்கே கரை போட்டு மறிப்பதுதான் அவர் வழக்கம். அந்தக் காலத்துக் கரையின் உயிர் நடுவில் இருக்கும் களிமண் சுவர். களியை நீர் விட்டுப் பிசைந்து, அரை அடி கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு மிதித்து, ஒரு அடுக்கு காய்வதற்குள் அடுத்ததைப் போட வேண்டும். காய்ந்த அடுக்கின் மேல் ஈரக்களி ஒட்டாது, அந்த இடைவெளியில் கசியும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இது இரட்டைத் தலைவலி. கரை நன்றாக இருந்தாலும் படுகை வழியே நீர் இறங்கும்.

பழைய பண்ணை ஏரிகளில் வழக்கமாகக் கெடுவது கரையில் வளரவிட்ட மரம். வேர் களிச்சுவரைத் துளைக்கும். மரம் செத்தால் வேர் மக்கி அந்த இடம் குழாயாகும். இலையும் கிளையும் அடைத்துக் கலிங்கு வேலை செய்யாமல் போனால் நீர் கரைமேல் வழியும், மண்கரைக்கு அதுவே முடிவு. தரைமட்டத்துக்கு மேலே 25,000 கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கும் ஏரி என்றால் இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, தகுதிபெற்ற பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும். ஆபத்து அதிகம் என்று வகைப்படுத்தியவற்றுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது. பிரவுன் கட்டியது என்பதால் விலக்கு கிடையாது.

#8 பழங்கல்

ஹாரிசனை விடவில்லை, தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். ஏனென்றால் வெள்ளத்தைவிட அவர் கையில் இருந்த பத்திரம் சுவாரசியம்.

அந்தப் பகுதியில் வீட்டுக் குத்தகை பெரும்பாலும் மூன்று ஆயுள் கணக்கு. பத்திரத்தில் மூன்று பேர் பெயர் இருக்கும், பொதுவாகக் குடித்தனக்காரர், மனைவி, ஒரு குழந்தை. மூன்றில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை நிற்கும். ஆண்டு வாடகை அற்பம், சேரும்போது கட்டும் முன்பணம்தான் பெரிது. ஒருவர் இறந்தால் பணம் கட்டி இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்க்கச் சம்மதிப்பது நிலக்காரர் விருப்பம்.

ஊரை ஒழிக்க நினைப்பவருக்கு இதில் இரண்டு வழி. ஒன்று, பணம் கொடுத்துப் பத்திரத்தை வாங்குவது. மற்றது, புதுப்பெயர் சேர்க்க மறுத்துவிட்டு ஆட்கள் சாகக் காத்திருப்பது. இடிப்பு இருபது வருடம் இழுத்ததற்குக் காரணம் இதுதான். குழந்தை பெயர் எழுதிய வீடு நடுவில் தனியாக நிற்கும், சுற்றிலும் இடிபாடு. வாடகைக்காரரிடம் பத்திரமே இல்லை என்றால் அவருக்கு இந்தக் காலமும் கிடைத்திருக்காது. ஹாரிசன் வென்றதற்குக் காரணம் வீரம் மட்டுமல்ல. செல்லுபடியாகும் பத்திரமும், அதைப் படிக்கத் தெரிந்த தொழிலும்.

#9 கிழக்குக்காற்று

இவ்வளவு பணம் எங்கிருந்து? கும்பெனிக் காசா?

#10 பழங்கல்

இந்த வீட்டுக்கு இல்லை. டேமர் குடும்பச் சொத்து அயர்லாந்தில் வட்டித் தொழிலில் சேர்ந்தது. டப்ளினில் கடன் கொடுத்துப் பெரும்பணம் சேர்த்த மூத்த ஜோசப் டேமரின் சொத்து கைமாறி வந்தது. 1852-ல் வாங்கிய ஹாம்ப்ரோ குடும்பம் டென்மார்க் வங்கிக்காரர்கள். அவர்கள் 1932 வரை வைத்திருந்தார்கள். 1954-ல் மாளிகைக்குப் பள்ளிக்கூடம் வந்தது.

கும்பெனிக் காசில் எழுந்ததைப் பார்க்க க்ளாஸ்டர்ஷயரில் செஸின்கோட் மாளிகை. நமக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் டெவனில் ஹால்டன் மாளிகை. வாங்கியவர் 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக். பாக் நீரிணையின் அதே பாக். தன் நண்பரான படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்சுக்காக அவர் 1788-ல் எழுப்பிய கோபுரம் இன்னும் குன்றின்மேல் நிற்கிறது. மாளிகையின் பெரும்பகுதி போய்விட்டது. இதைத் தொடர்ந்தால் இழை திசைமாறும், தனி இழை போடுங்கள்.

#11 வேலிக்கல்

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை. ஊர் பெருகாததற்குக் காரணம் ஏழைவரி.

1662 சட்டப்படி ஒருவர் எந்தப் பங்கில், அதாவது கோயில் எல்லைக்குட்பட்ட ஊரில், குடியுரிமை பெற்றாரோ அந்த ஊர்தான் அவர் நொடித்துப்போனால் காப்பாற்ற வேண்டும். வரி கட்டுவது அந்த ஊர் நிலக்காரர்கள். ஊர் முழுதும் ஒரே ஆள் கையில் இருந்தால் வரியைக் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. வீடு கட்டாதே, விழுந்த வீட்டைத் திரும்பக் கட்டாதே. வீடு இல்லை என்றால் குடியுரிமை இல்லை, குடியுரிமை இல்லை என்றால் செலவு இல்லை. இப்படிப்பட்டவற்றை 'மூடிய ஊர்' என்பார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே? பல சிறு உடைமையாளர்கள் இருக்கும் பக்கத்துத் 'திறந்த ஊரில்' நெருக்கியடித்து வாழ்பவர்கள் மூன்று நான்கு மைல் நடந்து வருவார்கள். 1834-ல் ஏழைச்சட்டம் மாறியபோதும் ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளின் செலவைத் தானே ஏற்றது. 1865-ல்தான் செலவு பல ஊர்கள் சேர்ந்த ஒன்றியத்தின் தலையில் பொதுவாக விழுந்தது. அதற்குள் இரு நூற்றாண்டுகள் ஓடிவிட்டன.

ஆகவே மாளிகைக்குப் பக்கத்தில் பத்து இருபது வீடு மட்டும் உள்ள அழகான ஊரைக் கண்டால், ஏன் இவ்வளவு அழகு என்று கேட்பதற்கு முன் மீதி வீடு எங்கே என்று கேளுங்கள்.

மில்டன் அப்பாஸ் முதலும் அல்ல. நார்ஃபோக்கில் ஹோட்டன் மாளிகைக்காக அப்போதைய பிரதமர் வால்போல் 1729-ல் ஊரை வாயிலுக்கு வெளியே நகர்த்தினார், கோயில் மட்டும் பூங்காவுக்குள் தனியாக நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் நியூனம் கோர்ட்னி 1760-களில். டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகைக்காக ஈடன்சர் 1838-க்குப் பிறகு. அங்கே ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பாணி, ஆனால் உரிமையாளர் ஒருவரே. பூங்கா நடுவில் வீடுகளே இல்லாமல் ஒரு பழைய கோயில் நின்றால், சுற்றிலும் புல்லில் மேடுபள்ளம் தேடுங்கள். மாலைச் சாய்வெயிலில் பழைய தெருவின் பள்ளம் நிழலாகத் தெரியும்.

#12 கூரைக்காரன்

வேலிக்கல் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. 1780-ல் ஒரு கூலிக்காரருக்குச் செங்கல் புகைபோக்கியும் உறுதியான கூரையும் முன்னால் புல்வெளியும் பின்னால் தோட்டமும் உள்ள வீடு சாதாரணமல்ல. பழைய ஊரிலேயே விட்டிருந்தால் அவர்கள் வீடு இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது?

#13 வேலிக்கல்

வீடு நன்றாகத்தான் இருந்தது. பாதி வீடு. சந்தை போயிற்று, பள்ளி போயிற்று, ஆலை போயிற்று. கடை வைத்திருந்தவர் அங்கே போய் எதை விற்பார்? அளவுகோல் சுவர் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி.

#14 ஏட்டுச்சுரை

இருவருக்கும் நன்றி, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் :) கூரைக்காரன் அண்ணே, புகைபோக்கி என்றதும் கேட்கத் தோன்றியது. தாள் கூரையும் விறகு அடுப்பும் எப்படி ஒத்துப்போகின்றன? அப்புறம், கூரைமேல் கம்பிவலை தெரிகிறதே, அது எதற்கு?

#15 கூரைக்காரன்

தாள் வீடு மற்ற வீட்டைவிட அதிகம் தீப்பிடிக்கிறது என்று சொல்ல முடியாது. பிடித்தால் மிஞ்சாது என்பதுதான் வேறுபாடு. இறுக்கிய தாளுக்குள் நெருப்பு புகைந்துகொண்டே பரவும், மேலே ஊற்றும் நீர் கூரையின் குணப்படியே வழிந்து போய்விடும். தீயணைப்பவர்கள் எரியும் இடத்துக்கு முன்னால் கூரையைக் குறுக்கே வெட்டி இடைவெளி உண்டாக்குவதைத்தான் நம்புகிறார்கள்.

திறந்த கணப்பைவிட மூடிய இரும்பு அடுப்புதான் ஆபத்து. புகை வேகமாகவும் சூடாகவும் ஏறும். பற்றவைக்கும்போது காகிதமும் அட்டையும் போட்டால் எரியும் துண்டு மேலே பறந்து கூரையில் விழும். ஈர விறகு எரித்தால் குழாயில் தார் படிந்து அதுவே ஒருநாள் பற்றும். தீப்பொறி தடுக்கும் வலைமூடி வைக்கலாமே என்பார்கள். அதில் தார் அடைத்துக்கொள்ளும், வேண்டாம். நன்கு காய்ந்த விறகு, வருடத்துக்கு இரண்டு முறை குழாய்த் துப்புரவு, புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேல் 1.8 மீட்டர். காப்பீட்டுக்காரர் கேட்பதும் இவற்றைத்தான்.

யாரும் கவனிக்காத ஒன்று: பழைய தாளின் மேலேயே புதுத்தாள் வேயும்போது தலைமுறைக்குத் தலைமுறை கூரை தடிக்கிறது. முகடு ஏறுகிறது, புகைபோக்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் போதிய உயரமாக இருந்தது இன்று குட்டை. தாளுக்குள் மறைந்த பகுதியில் செங்கல் இணைப்பு உதிர்ந்திருந்தாலும் வெளியே தெரியாது. கூரை வழிக்கும் நாள்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள். அன்றே கொத்தனாரை வரச்சொல்லிவிட வேண்டும்.

கம்பிவலை பறவைக்கும் அணிலுக்கும். கோதுமைத் தாளில் மிச்சமிருக்கும் மணிக்காக வந்து பிடுங்கும். வலையின் அடியில் இலை சேர்ந்தால் ஈரம் தங்கும். தீ நேரத்தில் சட்டென்று உரிக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும், அதனால் கீழே எளிதில் அவிழும்படி கட்ட வேண்டும்.

#16 பழங்கல்

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு. வீடுகள் தனியார் குடியிருப்பு. தெருவில் நடக்கலாம், சன்னலுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. மேலிருந்து கீழே இறங்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நடு வாசலைப் பாருங்கள், பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்றானது புரியும். பிறகு பேராலயம். உள்ளே 1775-ல் இறந்த மனைவி கரோலினுக்காக டேமர் வைத்த பளிங்குக் கல்லறை. வடிவம் ராபர்ட் ஆடம், செதுக்கியது கார்லினி. ஊரை இடித்த அதே ஆண்டுகள், அதே ஆள். பக்கத்தில் குன்றின்மேல் புனித கேத்தரின் சிற்றாலயத்துக்கு 111 புற்படிகள் ஏறுகின்றன.

வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவை இரண்டாம் தரப் பாரம்பரியப் பட்டியல் கட்டிடங்கள். பட்டியல் உள்ளறைக்கும் பொருந்தும். அனுமதி இல்லாமல் மாற்றினால் 1990 சட்டப்படி குற்ற வழக்கு. முந்தைய உரிமையாளர் செய்ததைச் சரிசெய்யும்படி உங்களிடம் உத்தரவு வரலாம். அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கும் 2012 அக்டோபரோடு போய்விட்டது, இப்போது 20 விழுக்காடு.

#17 செம்மண்

அதோடு, வாங்குமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள். பூச்சு சிமென்ட்டா சுண்ணாம்பா என்று தெரியாவிட்டால் மறைவான இடத்தில் சாவியால் கீறுங்கள். சுண்ணாம்பு மாவாக வரும். சிமென்ட் என்றால் சாவிதான் தேயும்.

#18 ஏட்டுச்சுரை

கடைசியாக ஒன்று. கூரையில் பாசி பிடித்தால் வழித்துவிடலாமா?

#19 கூரைக்காரன்

மெல்லிய படலம் என்றால் விட்டுவிடுங்கள். வழிக்கும்போது தாளின் முனையும் சேர்ந்து போகும், கூரைக்கு இரண்டு மூன்று வருடம் குறையும். மெத்தை போலத் தடித்து நீர் பிடித்து நின்றால் மட்டும், அதுவும் காய்ந்த நாளில், கூரை வேய்பவரை வைத்து. அதற்கு முன் மேலே நிழல் போடும் கிளையை வெட்டுங்கள். கிளை இருக்கும்வரை பாசி திரும்ப வரும்.